முதலில் சற்று ஏறும்

அம்பத்தூர்
14 ஆகஸ்ட் 2023

திரு. துலுக்கானம் அவர்களுக்கு,

இன்று ஆகஸ்ட் பதினான்கு. எனக்கு எழுபத்திரண்டு வயதும் நான்கு மாதமும் ஒன்பது நாளும் ஆகின்றன. வயதை முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. சுற்றி வளைத்துப் பேச எனக்கு இனி அவகாசம் இல்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என்னைவிட மூன்று வயது மூத்தவராகிய உங்களுக்கும் அது இல்லை.

நேற்று மாலை உங்கள் அக்காள் மகள் கன்னியம்மாள் இங்கே வந்தாள். கேன்டீன் வேலை முடிந்த கையோடு, சீருடைகூட மாற்றாமல், பஸ் மாறி வந்திருக்கிறாள். தண்ணீர் கொடுத்தேன்; வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"அத்தே, மாமாக்கு கிட்னி கெட்டுப்பூட்ச்சாம். காலு வீங்கிக்கினு கீது. உன்னாண்ட சொல்லக்கூடாதுன்னு என் தலமேல அடிச்சி சத்தியம் வாங்கிக்கினாரு. நான் இன்னா பண்றது? சொல்லாம இருந்தா எனக்குச் சோறு எறங்கல."

சத்தியத்தை மீறியதற்காக அவளைத் திட்டாதீர்கள். சத்தியம் வாங்கி மறைக்கும் அளவுக்கு நான் இன்னும் உங்களுக்கு முக்கியமானவள் என்று இதன் மூலம் தெரிந்துகொண்டேன். அதற்காக மகிழ வேண்டுமா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.

பிரிந்து வந்த நாளில் நாம் செய்துகொண்ட ஏற்பாட்டை நான் மீறப்போவதில்லை. தொலைபேசி வேண்டாம். குரலைக் கேட்டால் நமக்குச் சண்டை வருகிறது. தாளில் எழுதினால் இருவரும் மனிதர்களைப் போல நடந்துகொள்கிறோம். திருமழிசை இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். கடிதம் போய்ச் சேர நான்கு நாள் ஆகிறது. அந்த நான்கு நாளில் கோபம் ஆறிவிடுகிறது. தபால் துறை நமக்குச் செய்யும் ஒரே உபகாரம் அது.

ஆகவே எழுதுங்கள். இரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு, சிறுநீரில் புரதம் போகிறதா, மருத்துவர் என்ன மாத்திரை எழுதினார் என்ற விவரங்கள் எனக்கு வேண்டும். முட்டி வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் மாத்திரையை இன்றே தூக்கி எறியுங்கள். அது வலியோடு சேர்த்துச் சிறுநீரகத்தையும் தீர்த்துவிடும். கருவாட்டையும் நிறுத்துங்கள். இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
சரசா


திருமழிசை
23.8.2023

அன்புள்ள சரசாவுக்கு,

துலுக்கானம் எழுதிக்கொண்டது. நலம் என்று எழுதத்தான் கை போகிறது. எழுதினால் நீ சிவப்பு மையில் அடிக்கோடு போடுவாய், அதனால் விட்டுவிட்டேன். கன்னியம்மாளை நான் திட்டவில்லை. திட்டினேன், ஆனால் கொஞ்சமாகத்தான்.

வேலப்பன்சாவடியில் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டுகிறேன். டாக்டர் பெயர் சபீனா. சின்னப் பெண். உன்னிடம் படித்ததோ என்னவோ, அதே அதட்டல். "தாத்தா, உப்பைக் குறைப்பீங்களா மாட்டீங்களா?" என்று கேட்டது. "தாத்தான்னு கூப்பிட்டா இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டுக்குவேன்" என்றேன். சிரித்தது. சிரித்துவிட்டு முகத்தை மாற்றிக்கொண்டது.

"பாதிக்கு மேல போயிடுச்சுங்க. போனதைத் திருப்ப முடியாது. மிச்சம் இருக்கிறது சீக்கிரமா போயிடாம பிடிச்சு வைக்கத்தான் மாத்திரை. ரெண்டு எழுதறேன். விடாம சாப்பிடணும். முதல் மாசம் ரிப்போர்ட்டுல நம்பர் கொஞ்சம் ஏறும். அதைப் பார்த்துப் பயந்துடாதீங்க" என்றது.

நீ கேட்ட விவரம்: கிரியாட்டினின் 2.1. புரதம் நிறையப் போகிறது. மாத்திரையில் ஒன்று பிரஷருக்கானது, அதுவே கிட்னியையும் பாதுகாக்குமாம். இன்னொன்று சர்க்கரையை மூத்திரத்தில் இறக்கிவிடுகிற மாத்திரை. "எனக்குத்தான் சர்க்கரை இல்லையே" என்றேன். இல்லாதவர்களுக்கும் கிட்னிக்காகக் கொடுக்கிறார்களாம். என்ன கண்டுபிடிப்போ.

வலி மாத்திரையைக் குப்பையில் போட்டாயிற்று. கருவாடு வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு வாசனைக்கு நான் பொறுப்பில்லை.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ ஒரு நாளும் எழுதுவதில்லை.

அன்புடன்,
துலுக்கானம்


அம்பத்தூர்
5 செப்டம்பர் 2023

திரு. துலுக்கானம் அவர்களுக்கு,

விவரங்களுக்கு நன்றி. மருத்துவர் கெட்டிக்காரி, அவர் சொன்னதைச் செய்யுங்கள்.

அவர் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை மட்டும் மறுபடி படியுங்கள். எண் முதலில் சற்று ஏறும். உங்கள் தொழிற்சாலைக் கண்ணுக்கு ஓர் எண் தென்பட்டுவிட்டால் பக்கத்தில் இருக்கும் மனிதன்கூடத் தெரியமாட்டான் என்பதால் இதை எழுதுகிறேன். வாந்தியோ பேதியோ கண்டால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு இரண்டொரு நாள் நிறுத்தலாம். மற்றபடி நீங்களாக நிறுத்தக் கூடாது.

எதிர்வீட்டுக்கு ரோஹித் என்று ஒரு கணினிக்காரன் குடிவந்திருக்கிறான். லிஃப்டில் என்னைப் பார்த்து, "தனியாவா இருக்கீங்க ஆன்ட்டி?" என்று மிகுந்த இரக்கத்தோடு கேட்டான். "நீயும் தனியாகத்தான் இருக்கிறாய். உன்னை யாராவது கேட்கிறார்களா?" என்றேன். அன்று முதல் படியேறிப் போகிறான். அவன் உடம்புக்கும் அது நல்லது.

என் உடம்பைக் கேட்டிருந்தீர்கள். அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
சரசா


திருமழிசை
16.11.2023

அன்புள்ள சரசாவுக்கு,

தீபாவளி நல்லபடியாகப் போனதா? கன்னியம்மா உனக்கென்று அதிரசம் எடுத்துவைத்தாள். தபாலில் போட்டால் தூளாகிவிடும் என்று நானே தின்றுவிட்டேன்.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டுக் கத்தாதே. முழுவதும் படி.

மாத்திரை ஆரம்பித்த மறுமாதம் டெஸ்ட் எடுத்தேன். 2.5. கோடு தாண்டிவிட்டது. இரண்டு மாத்திரையையும் அன்றைக்கே நிறுத்தினேன். தீபாவளிக்கு முந்தின வாரம் மறுபடி எடுத்தேன். 2.1.

நான் முப்பத்திரண்டு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் மைக்ரோமீட்டர் பிடித்து உருப்படி அளந்தவன். பிரேக் பிஸ்டன் அளவு கோட்டைத் தாண்டினால் இன்ஸ்பெக்டர் செய்யவேண்டியது ஒன்றுதான். மெஷினை நிறுத்து. புதிதாக எதை மாற்றினாய் என்று பார். மாற்றினதைக் கழற்று. மறுபடி அள. அளவு திரும்பிவிட்டால் குற்றவாளி அதுதான். பிரேக் பிடிக்காமல் ஒரு பஸ் கவிழக் கூடாது என்பதற்காகக் கற்றுக்கொண்ட பாடம் இது. அதையேதான் என் உடம்புக்கும் செய்தேன். மாத்திரைக்கு முன் 2.1, மாத்திரையோடு 2.5, மாத்திரை போனதும் 2.1. நீயே தீர்ப்புச் சொல்.

அந்தப் பெண்ணிடம் போகவில்லை. போனால் அதட்டும். அதட்டினால் எனக்குப் பாவமாகிவிடும், மறுபடி விழுங்கித் தொலைப்பேன்.

நீ புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவாய். எனக்குப் புத்தகம் வேண்டாம் சரசா. லைனில் எந்தச் சந்தேகம் வந்தாலும், சரியாக அமைந்த ஓர் உருப்படியைக் கையில் வாங்கி, அதை அளந்து பார்த்துத்தான் ஒத்துக்கொள்வோம். இந்த மாத்திரையைத் தின்று, முதலில் ஏறி, பிறகு ஏறாமல் நின்ற ஆள் ஒருத்தரைக் காட்டு. உனக்கும் எனக்கும் தெரிந்த ஒரே ஒரு ஆள். காட்டினால் அன்றைக்கே போட்டுக்கொள்கிறேன். அம்மன் மேல் ஆணை.

அன்புடன்,
துலுக்கானம்


அம்பத்தூர்
24 நவம்பர் 2023

திரு. துலுக்கானம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கோபத்தோடு ஒருமுறை படித்தேன். பிறகு கோபமில்லாமல் படித்தேன். உங்கள் தர்க்கத்தில் ஓட்டை இல்லை. என்னை அச்சுறுத்துவதே அதுதான். முட்டாள்தனமாக நிறுத்தியிருந்தால் திட்டித் திருத்திவிடலாம்.

சிறுநீரகம் பிஸ்டன் அல்ல. அதற்குள் லட்சக்கணக்கான நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. உங்களுக்கு அவற்றில் பாதிக்கு மேல் செத்துவிட்டன. மிஞ்சியவை செத்தவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. அளவுக்கு மீறிய அழுத்தத்தில் இரவும் பகலும் ஓடுகின்றன. அப்படி ஓடுவதால் எண் ஓரளவு நன்றாகத் தெரிகிறது; அப்படி ஓடுவதால்தான் அவையும் ஒவ்வொன்றாகச் சாகின்றன. இந்த மாத்திரைகள் அந்த அழுத்தத்தைக் குறைத்து அவற்றை நிதானமாக ஓட வைக்கின்றன. அதனால் எண் சற்று ஏறுகிறது. பிறகு ஆண்டுக்கணக்கில் அங்கேயே நிற்கிறது. நீங்கள் நிறுத்தியதும் பழைய அழுத்தம் திரும்பிவிட்டது, எண்ணும் இறங்கிவிட்டது. குணமாகிவிட்டதாக நினைக்கிறீர்கள். களைத்துப் படுத்த மாட்டைச் சாட்டையால் அடித்து எழுப்பி ஓட்டியிருக்கிறீர்கள்.

யாராவது ஓர் ஆளைக் காட்டச் சொல்கிறீர்கள். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவள். ஒரே ஒரு தவளையை அறுத்துப் பார்த்துவிட்டு எல்லாத் தவளைகளுக்கும் முடிவு எழுதிய மாணவருக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை. ஆயிரக்கணக்கான நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து இந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அதற்கு மேல் தனியொருவர் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஆளைக் காட்டுவது அறிவியல் ஆகாது. நான் காட்டமாட்டேன்.

டாக்டர் சபீனாவிடம் போங்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் என்னோடு குடித்தனம் செய்தவர் ஒரு சின்னப் பெண்ணின் அதட்டலுக்கு அஞ்சுகிறார் என்று வெளியே தெரிந்தால் எனக்குத்தான் அவமானம்.

இப்படிக்கு,
சரசா


திருமழிசை
13.12.2023

அன்புள்ள சரசாவுக்கு,

புயல் மழையில் கம்பெனிச் சாலையெல்லாம் முழங்கால் தண்ணீர். வீட்டுக்குள் வரவில்லை. உன் தெருவில் எப்படி? ஒரு வரி எழுது. கன்னியம்மா உன்னை நினைத்துப் புலம்பிக்கொண்டே இருந்தாள். "அத்தே ஒண்டியா இன்னா பண்ணுதோ. ஒரு போன் போட்டா கொறஞ்சா பூடுவே மாமா?" என்று கேட்டாள். "குறைய மாட்டேன். சண்டைதான் கூடும்" என்றேன்.

தவளைக் கதையைப் படித்தேன். ஒரு ஆளைக் காட்டினால் அறிவியல் ஆகாதென்றால் போகட்டும். எனக்குத் தெரிந்த அறிவியல் எனக்கு. இனிமேல் மாத்திரைப் பேச்சு வேண்டாம். வாயால் பேசினால் சண்டை என்றுதான் தாளுக்கு வந்தோம். தாளிலும் சண்டை என்றால் போவதற்கு நமக்கு வேறு இடம் இல்லை.

துலுக்கானம்


அம்பத்தூர்
17 ஜனவரி 2024

திரு. துலுக்கானம் அவர்களுக்கு,

தண்ணீர் கீழ்த்தள வண்டிகளோடு நின்றுவிட்டது. மின்சாரம் இல்லாத நாட்களில் அந்த ரோஹித் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். கதவைத் தட்டிவிட்டு நான் திறப்பதற்குள் ஓடிவிட்டான்.

உங்கள் விருப்பப்படி மாத்திரையைப் பற்றி எழுதவில்லை. எழுதாமல் விட்டபின் கடிதத்தில் மிஞ்சுவது இவ்வளவுதான்.

பொங்கல் வாழ்த்துகள்.

சரசா


அம்பத்தூர்
9 டிசம்பர் 2024

திரு. துலுக்கானம் அவர்களுக்கு,

சித்திரைக்குப் பின் நான் எழுதிய கடிதங்கள் எதற்கும் பதில் இல்லை. கோபம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கோபமாகவே இருந்திருந்தால் தேவலை.

இன்று கன்னியம்மாள் வந்தாள். "மூஞ்சியெல்லாம் ஊதிக்கினு மாமாவ அடையாளமே தெர்ல அத்தே. படுத்தா மூச்சு முட்டுதுன்னு குந்திக்கினே தூங்கறாரு. ஆசுபத்திரி போலாம் வா மாமான்னா, 'இன்னா அவசரம், நம்பர் பார்த்துட்டுப் போலாம்'ன்றாரு. அந்த நம்பரத்தான் எப்போ பார்ப்பேன்னு கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. ஆறு மாசமா டெஸ்ட்டே எடுக்கல" என்று அழுதாள்.

எண்ணை அத்தனை நம்பிய மனிதர் ஆறு மாதமாக அளக்கவில்லை என்றால், அளந்தால் என்ன வரும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று பொருள்.

நாளையே வேலப்பன்சாவடிக்குப் போங்கள். என்னோடு போட்ட சண்டையில் தோற்கக் கூடாது என்பதுதான் காரணமென்றால், நீங்கள் வென்றதாகவே இருக்கட்டும். கையெழுத்திட்டுத் தருகிறேன். போங்கள்.

சரசா


திருமழிசை
2.3.2025

அன்புள்ள சரசாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்துத் திட்டாதே. பேனா நிற்கவில்லை. தபாலுக்கு நான்கு நாள் ஆகும், அவ்வளவு காத்திருக்க முடியாது. கன்னியம்மா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

உன் டிசம்பர் கடிதம் வந்த அன்றே அவள் என்னை ஆட்டோக்காரன் வேம்புலியின் வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனாள். 7.8 வந்தது. அந்த டாக்டர் பொண்ணு அதட்டவே இல்லை சரசா. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. "ஏன் தாத்தா அப்புறம் வரவே இல்லை?" என்று மட்டும் கேட்டது.

அதிலிருந்து பூந்தமல்லியில் டயாலிசிஸ். மெஷினில் போட்டால் பிரஷர் விழுந்துவிடுகிறது. இருதயம் தாங்கவில்லையாம். போதும் என்று சொல்லிவிட்டேன். கன்னியம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டர் திருப்பித் திருப்பிக் கேட்டது. போதும் என்றேன். நிறுத்தினால் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் என்றது. மூச்சுத் திணறாமல் இருக்க மருந்து கொடுத்திருக்கிறது. "அதுக்குள்ள யாரையாவது பார்க்கணுமா தாத்தா?" என்றது. உன் பெயரைச் சொன்னேன். "யாரு அவங்க?" என்றது. "என் வீட்டுக்காரி. ஒண்ணா இல்ல, அவ்வளவுதான்" என்றேன்.

நீ சொன்னதுதான் சரி. நான் எண்ணைப் பார்த்தேன், நீ கிட்னியைப் பார்த்தாய். எனக்குத் தெரிந்த ஆள் ஒருத்தர் கிடைத்திருந்தால் கேட்டிருப்பேன். கிடைக்கவில்லை. அதற்கு நீ என்ன செய்வாய், உன் மேல் தப்பு எதுவும் இல்லை. அதை நினைத்துக்கொண்டு உட்காராதே.

ஒருமுறை வா. வாயாலேயே பேசுவோம். சண்டை வந்தால் வரட்டும். எனக்கு இப்போது மூச்சு வாங்குகிறது, நீதான் ஜெயிப்பாய்.

உன்
துலுக்கானம்


அம்பத்தூர்
2 மார்ச் 2025

அன்புள்ள துலுக்கானத்துக்கு,

கன்னியம்மாள் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறாள். கீழே ஆட்டோ நிற்கிறது. "நேராவே வந்து சொல்லேன் அத்தே. இந்த நேரத்துல இன்னா லெட்டரு?" என்கிறாள். "நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை" என்றேன். நான் இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

என் மேல் தப்பு இல்லை என்று நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் கட்டிய புடவையோடு கிளம்பி வந்து, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தலையணையைச் சரிசெய்து, நல்ல மனைவியாக இரண்டு நாள் இருந்துவிட்டு வந்திருப்பேன். அந்த வரியைப் பெற்றுக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. எனக்குச் சேராததை நான் வாங்கிக்கொள்வதில்லை.

1985-இல் எனக்கு மஞ்சள் காமாலை கண்டது. சம்பளமில்லாத விடுப்புப் போட்டுவிட்டு என் பக்கத்திலேயே கிடந்தீர்கள். கஞ்சி வைத்தீர்கள், தூக்கிக் குளிப்பாட்டினீர்கள். உங்களுக்கு வரவேண்டிய ஃபோர்மேன் வேலை அதற்குள் இன்னொருவருக்குப் போய்விட்டது. அதன்பின் நமக்குள் வந்த எந்தச் சண்டையும், குழம்பில் உப்புக் குறைந்ததற்காக வந்ததானாலும், கடைசியில் அந்தக் காமாலையில்தான் வந்து முடிந்தது. "உனக்காகத்தானே விட்டேன்" என்பீர்கள். கோபத்தில் சொன்னது என்று எனக்குத் தெரியும். உண்மை என்றும் தெரியும். அதனால்தான் பொறுக்க முடியவில்லை. வீட்டை விட்டு வந்த அன்று ஒரு முடிவெடுத்தேன்: இனி என் உடம்புக்கு என்ன வந்தாலும் அது உங்கள் காதுக்கு எட்டக் கூடாது, உங்களிடமிருந்து மறுபடி ஒரு வாய்க் கஞ்சி நான் கடன்படக் கூடாது. கன்னியம்மாள் வரும் நாட்களில் மேசையில் இருப்பதையெல்லாம் எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவேன்.

நீங்கள் ஓர் ஆளைக் காட்டச் சொன்னபோது நான் தவளையைப் பற்றி எழுதினேன். அந்தப் பத்தியில் ஒரு சொல்கூடத் தவறில்லை. இன்றைக்கும் வகுப்பில் நின்று அதையே சொல்வேன்.

கன்னியம்மாள் இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவாள். கேட்ட பிறகு நான் வர வேண்டாம் என்று தோன்றினால் அவளிடம் சொல்லிவிடுங்கள். அது நியாயம் என்றே எடுத்துக்கொள்வேன். வரலாம் என்றால் வேம்புலியைத் திருப்பி அனுப்புங்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே நிற்கிறேன்.

எனக்கும் சிறுநீரகம் பழுது. 2021-இல் தெரிந்தது. நீங்கள் நிறுத்திய அதே இரண்டு மாத்திரைகளைத்தான் நான்கு ஆண்டுகளாக விழுங்கிவருகிறேன். தொடங்கும்போது 1.7. முதல் மாதம் 2.0 ஆனது. அதன்பின் ஏறவில்லை.

சரசா